கோயில் காடும் கோயில் கணக்கும்



ஊரில் வயதானவர்கள் இருவர் கூடி உட்கார்ந்தால் ஒரு பெருமூச்சு அடிக்கடி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். “முன்பெல்லாம் கோயில் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் முழுவதும் கேட்கும். இப்போது யார் கேட்கிறார்கள்?” என்பதே அது. பெரக்கரை நாட்டில் அயலார் வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பேச்சு உண்டு. நம் கிறிஸ்தவர் வீடுகளிலும் உண்டு. கோயிலுக்கு இருந்த நிலம் போயிற்று, பள்ளிக்கூடத்தின்மேல் இருந்த பிடி போயிற்று, வழக்குத் தீர்க்கும் அதிகாரம் போயிற்று என்று கணக்குச் சொல்லி வருந்துவார்கள்.

இந்த வருத்தம் நியாயமானதா? போனவற்றில் எது நமக்கு உரியதாக இருந்தது, எது உரியதல்லாததாக இருந்தது? அதிகாரம் போகும்போது அதோடு சேர்ந்து போகக்கூடாத ஏதாவது ஒன்றும் போய்விட்டதா? இம்மூன்று கேள்விகளையும் இவ்வாரப் பாடத்தில் ஆராய்வோம். பொறுமையாய் வாசித்து, வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. மேல்நாட்டில் நடந்தது

லத்தீன் பாஷையில் ‘சேக்குலும்’ என்றொரு சொல் உண்டு. இக்காலம், இவ்வுலகம் என்று அதற்குப் பொருள். மடத்துத் துறவி ஒருவர் உத்தரவு பெற்று மடத்தை விட்டு வெளியே வந்து உலகத்தாரோடு வாழ்ந்தால் அதை இச்சொல்லை வைத்துக் குறித்தார்கள். பின்பு திருச்சபையின் நிலமும் கட்டடமும் அரசர் கைக்கு மாறியதையும் அதே சொல்லால் குறித்தார்கள். இன்று ‘செக்யூலர்’ என்று பத்திரிகைகளில் அடிபடும் வார்த்தையின் வேர் இதுவே.

இங்கிலாந்தில் 8-ம் ஹென்றி அரசன் 1536 முதல் 1540 வரை மடங்களை எல்லாம் கலைத்து அவற்றின் நிலங்களைப் பறித்துக்கொண்டான். பிரான்சில் 1789-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி திருச்சபைச் சொத்து முழுவதும் தேசத்தின் வசம் என்று தேசிய சபை தீர்மானித்தது. ஜெர்மனியில் 1803-ம் ஆண்டு மேற்றிராணிமாரும் மடாதிபதிகளும் ஆண்டுவந்த சிற்றரசுகள் கலைக்கப்பட்டன. கடைசியாக 1870 செப்டம்பர் 20-ந் தேதி இத்தாலியப் படை உரோமாபுரிக்குள் புகுந்தது. பாப்பரசர் 9-ம் பத்திநாதர் தமது இராச்சியத்தை இழந்தார். 1929 பிப்ரவரி 11-ந் தேதி லாத்தரன் உடன்படிக்கை கையெழுத்தான பிறகு பாப்பரசருக்கு என்று நின்றது வத்திக்கான் மட்டுமே. அதன் பரப்பு 44 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 109 ஏக்கர். நம் மலையில் ஒரு சிற்றூரின் காடு கழனி அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இச்சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, இங்கிலாந்தில் மடத்து நிலங்கள் யாருக்குப் போயின? முதலில் அரசனுக்கு, அவன் விற்க, பிரபுக்களுக்கும் பணம் படைத்தவருக்கும். மடத்து வாசலில் அன்றாடம் சோறு வாங்கிய ஏழைக்கு நிலமும் வரவில்லை, சோறும் வரவில்லை. ஆகையால் மதத்தின் கையிலிருந்து சொத்து நழுவினால் அது தானாக ஏழைக்குப் போய்ச் சேரும் என்று எண்ணுவது தவறு. யார் வலுத்தவனோ அவன் கைக்குப் போவதே பெரும்பாலும் நடந்திருக்கிறது.

இரண்டாவது, இராச்சியத்தை இழந்த பாப்பரசர் திருச்சபையை இழந்தாரா? இல்லை. 1870-க்குப் பின் பாப்பரசரின் சொல்லுக்கு உலகத்தில் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. 1962-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அப்போது மிலான் நகரின் அதிமேற்றிராணியாராயிருந்த கர்தினால் மோந்தினி உரோமையிலேயே பேசும்போது, அந்த இழப்பைத் தேவ பராமரிப்பின் செயலாகவே காண்பதாகச் சொன்னார். அடுத்த ஆண்டே அவர் 6-ம் சின்னப்பர் என்னும் பெயரோடு பாப்பரசரானார்.

2. நம் தமிழகத்தில் நடந்தது

இனி நம் நாட்டைப் பார்ப்போம். சோழ ராஜாக்கள் காலத்தில் கோயில் என்பது வழிபாட்டு ஸ்தலம் மட்டுமல்ல. பெரிய நிலச் சொந்தக்காரர். தேவதானம் என்று ஊர் ஊராக எழுதிவைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஈழத்து ஊர்கள்கூட நெல் அளந்தன என்று கல்வெட்டே சொல்கிறது. கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் வட்டிக்கு வாங்கின. ஆகவே வழிபாடு, வயல், வட்டி, வழக்கு எல்லாம் ஒரே வாசலில் நடந்தன.

ஆங்கிலக் கம்பெனியார் 1817-ம் ஆண்டின் 7-வது ரெகுலேஷன் மூலம் சென்னை ராஜதானிக் கோயில் சொத்துக்களின் மேற்பார்வையை ரெவினியூ போர்டிடம் ஒப்படைத்தார்கள். கிறிஸ்தவ அரசாங்கம் பிறமதக் கோயிலை நிர்வகிக்கலாமா என்று இங்கிலாந்தில் கூச்சல் எழவே, 1840-களில் கையை எடுத்துக்கொண்டார்கள். 1863-ம் ஆண்டின் சட்டம் தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் பொறுப்பை விட்டது. கேட்பாரில்லாத சொத்துக்கு நேர்வது கோயில் நிலத்துக்கும் நேர்ந்தது. குத்தகை வராமற் போயிற்று. நிலம் பெயர் மாறிற்று. ஆகவே நீதிக் கட்சியார் ஆட்சியில் 1925-ம் ஆண்டு ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1927-ம் ஆண்டு மற்றொரு சட்டமும் வந்து, அறநிலையப் போர்டு ஏற்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1951-லும், பின்பு 1959-லும் புதிய சட்டங்கள் வந்தன. இன்று இந்து சமய அறநிலையத் துறையின் கண்காணிப்பில் உள்ள கோயில் நிலம் சுமார் 4.78 லட்சம் ஏக்கர். நம் மலையில் பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலும் அத்துறையைச் சேர்ந்ததே.

இந்த 1951-ம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து உடுப்பியைச் சேர்ந்த சீரூர் மடத்தின் சுவாமியார் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 1954-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு எல்லா மதத்தாரும் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. நம் அரசியல் சாசனத்தின் 26-வது பிரிவு, மத விஷயங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை ஒவ்வொரு மதப் பிரிவுக்கும் தருகிறது. சொத்து வைத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. ஆனால் அந்தச் சொத்தைச் சட்டப்படி நிர்வகிக்கவேண்டும் என்கிறது. பூசை எப்படி, சடங்கு எப்படி, போதனை என்ன என்பதில் அரசு தலையிடலாகாது. வயலின் குத்தகை, வரவு செலவு, கணக்கு இவற்றை முறைப்படுத்த அரசு சட்டம் செய்யலாம். நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுவே. சேசுநாதரிடம் வரி நாணயத்தைக் காட்டிக் கண்ணி வைக்க வந்தவர்களுக்கு அவர் சொன்ன பதிலை நினைவில் வைத்திருப்போர்க்கு இந்தப் பாகுபாடு புதிதாகத் தோன்றாது.

1961-ம் ஆண்டு வந்த மற்றொரு சட்டம், பொது தர்மங்களுக்குச் சொந்தமான விவசாய நிலங்களில் உழும் குத்தகைக்காரரைப் பாதுகாத்தது. சமய தர்ம நிலங்களும் அதில் அடங்கும். சாமி நிலம் என்பதற்காக உழுகிறவனை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்பது ஒரு பெரிய மாற்றமல்லவா?

3. நம்மவர் நடுவில் நடந்தது

‘இதெல்லாம் அயலார் கோயில் விஷயம்’ என்று யாரும் எண்ணவேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் பழமையான கத்தோலிக்க ஊரில், ஒரே பீடத்தின் முன்பாகச் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910-ம் ஆண்டு அச்சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று ஒரு சாரார் வழக்காடினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதியைக் காட்டித் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. நாமே முன்பே செய்திருக்கவேண்டிய காரியத்தை நியாயஸ்தலம் உறுதிப்படுத்தவேண்டி வந்தது என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்வோம்.

கன்னியாகுமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்குச் செல்லும். அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். குத்தகை என்பது அதன் பெயர். மனம் உவந்து கொடுத்த காணிக்கையாயிருந்தவரை அது அழகாயிருந்தது. ஏலம் எடுத்தவன் கரையில் நின்று கட்டாயப்படுத்தி வாங்கியபோது மனஸ்தாபமும் சண்டையும் வளர்ந்தன. கட்டாயம் தளர்ந்தது யாருக்கும் நஷ்டமல்ல.

ஆனால் எல்லா இழப்பும் இத்தகையதல்ல. இலங்கையில் 1960, 1961-ம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம், அரசு உதவி பெற்ற மதப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கப் பெற்றோர்கள் பள்ளிக்கூடங்களிலேயே இரவும் பகலும் தங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். பம்பாய் கர்தினால் வலேரியன் கிராசியாஸ் சமாதானம் பேசச் சென்றார். ஏழைகள் காசு காசாகச் சேர்த்துக் கட்டிய கட்டடங்கள் அவை. அவற்றை இழந்தவர்களின் துக்கம் நியாயமானதே.

நம் குடும்ப வாழ்விலும் மாறுதல் வந்திருக்கிறது. முன்பு ஞானஸ்நானப் புத்தகமே பிறந்த நாளுக்குச் சாட்சி. 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பின் சர்க்கார் பதிவு எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. ஞானஸ்நானம் நம் ஆத்துமத்துக்கு. பதிவுச் சீட்டு நம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றை விட்டவர்கள் பின்னால் அலைந்திருக்கிறார்கள்.

4. நம் மலையில் நடந்தது

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கொல்லிமலை நாடுகளில் ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் கூடித் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். அதே கூட்டத்தில் எல்லைத் தகராறையும் தீர்த்தார்கள். சாமியும் நியாயமும் நிலமும் ஒரே முடிச்சில் இருந்தன. 1882-ம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்படி ஒதுக்குக் காடு என்று எல்லைக்கல் நட்டபோது அந்த முடிச்சு தளர ஆரம்பித்தது. பிறகு சர்வே வந்தது, பட்டா வந்தது, காவல் நிலையம் வந்தது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து வந்தது. ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் போகவேண்டிய வாசல் வேறாயிற்று. வல்வில் ஓரி விழாவையே அரசாங்கம் ஆடி மாதத்தில் நடத்துகிறது.

இந்த மாறுதலில் நன்மை இருக்கிறது. பெண்கள் முன்பு வாய் திறக்க முடியாத கூட்டத்தில் இப்போது தலைவியாகவே உட்காரலாம். அபராதம் போட்டு ஒருவனை ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தால் அவன் சட்டத்தை நாடலாம். வேதத்தில் சேர்ந்தவன் என்பதற்காக அவன் நிலத்தை யாரும் தொட முடியாது. இந்தச் சுதந்திரத்தின் பலனை அனுபவிக்கிறவர்களில் நாமும் ஒருவர்.

ஆயினும் ஒன்றைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அதுவே இப்பாடத்தின் முக்கிய நோக்கம்.

நம் மலையெங்கும் கோயில் காடுகள் உண்டு. அயலார் தங்கள் தெய்வத்துக்கென்று விட்டுவைத்த சோலைகள் அவை. செருப்போடு நுழையமாட்டார்கள், பச்சை மரத்தை வெட்டமாட்டார்கள், விழுந்த சுள்ளியைக்கூடப் பொறுக்கப் பயப்படுவார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுவது அந்தச் சோலை. வெளியே அற்றுப்போன மூலிகையும் மரமும் அங்கே நிற்கின்றன. தாவர ஆராய்ச்சிக்காரர் பலர் வந்து அவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை காலம் வேலியும் காவலும் இல்லாமல் அவற்றைக் காத்தது எது? பயம்.

அந்தப் பயம் இன்று தேய்கிறது. மிளகும் காப்பியும் விலை போகின்றன. சில்வர் ஓக் வைத்தால் மரம் விற்கலாம். குச்சிக்கிழங்கு சேகோ ஆலைக்குப் போகிறது. ஆகவே காட்டின் ஓரம் வருஷத்துக்கு ஒரு முழம் உள்ளே தள்ளிப்போகிறது. படித்த பிள்ளை, ‘சாமியாவது, ஒன்றாவது’ என்கிறான். கிறிஸ்தவப் பிள்ளையோ, ‘மரத்தில் தெய்வம் இல்லை என்று ஞான உபதேசத்தில் படித்தேனே’ என்கிறான்.

பிள்ளை படித்தது உண்மையே. சிருஷ்டி வேறு, சிருஷ்டிகர் வேறு. 8-ம் நூற்றாண்டில் அர்ச். பொனிப்பாசியார் ஜெர்மனியில் ஒரு தெய்வத்தின் பெயரால் நின்ற கருவாலி மரத்தை வெட்டினார் என்று நாம் வாசிக்கிறோம். ஆனால் அந்த மரத்தைக்கொண்டு அவர் ஒரு ஜெபக் கூடம் கட்டினார். காட்டை விற்றுக் காசாக்கவில்லை. அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, 601-ம் ஆண்டு, பெரிய கிரகோரியார் என்னும் பாப்பரசர் இங்கிலாந்துக்குச் சென்ற குருக்களுக்கு எழுதும்போது, அந்த மக்களின் கோயில் கட்டடங்களை இடிக்கவேண்டாம் என்றார். இன்று நம்மில் ஒருவன் அயலாரின் கோயில் மரத்தில் அரிவாள் வைத்தால், அது விசுவாசத்தின் வீரமல்ல. அது ஊர்ச் சொத்தைத் திருடுவது. அயலாரின் மனதைப் புண்படுத்துவது. வரும் பிள்ளைகளின் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பது. மூன்றும் பாவமே.

5. திருச்சபை கற்பிப்பது

2-வது வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 டிசம்பர் 7-ந் தேதி வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் மூன்று காரியங்கள் தெளிவாக இருக்கின்றன. ஒன்று, உலகக் காரியங்களுக்குத் தங்களுக்கென்று நியாயமான ஒழுங்கும் சுயாதீனமும் உண்டு. ஆனால் அவை சர்வேசுரனைச் சாராதவை என்று சொல்லலாகாது. இரண்டு, பூமியின் பொருட்கள் எல்லா மனிதருக்காகவும் உண்டாக்கப்பட்டவை. மூன்று, திருச்சபை அரசாங்கம் தரும் சலுகைகளில் தன் நம்பிக்கையை வைப்பதில்லை. நியாயமாய்ப் பெற்ற உரிமையானாலும் அது தன் சாட்சியத்துக்குக் களங்கமாகுமாயின் விட்டுவிடத் தயார். 2015-ம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல், பூமியைப் பொது வீடு என்றே அழைத்து அதன் பராமரிப்பை நம் கடமையாக்குகிறது.

பழைய ஏற்பாட்டில் நாபோத்தின் திராட்சத் தோட்டத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். ஆகாப் அரசன் அதன்மேல் ஆசை வைத்தான். ஜெசபேல் அதைப் பறித்தது எப்படி? உபவாசம் கூறச் செய்தாள். தேவதூஷணம் என்று பொய்ச்சாட்சி வைத்தாள். மதத்தின் அதிகாரத்தையே கத்தியாக்கி ஏழையின் நிலத்தை அறுத்தாள். அப்படிப்பட்ட அதிகாரம் போனால் அழவேண்டியதில்லை. அந்த அநியாயத்தைக் கண்டித்து நின்ற எலியாஸ் தீர்க்கதரிசியின் குரல் போனால்தான் அழவேண்டும்.

6. நாம் செய்யவேண்டியவை

அ. கோயில் காட்டின் எல்லையை ஒரு முழமும் நகர்த்தாதீர்கள். ஏற்கனவே நகர்த்தியவர், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் போதும் என்று இருக்கவேண்டாம். திருடியதைத் திருப்பிக் கொடுப்பது பரிகாரத்தில் சேர்ந்தது என்பது நாம் சிறு பிராயத்தில் படித்த பாடம்.

ஆ. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் உரிமையையும் பொறுப்பையும் கிராம சபைக்குத் தருகிறது. சபை கூடும் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அயலாரோடு சேர்ந்து அமர்ந்து, சோலையைக் காக்க உங்கள் வாக்கையும் சேருங்கள்.

இ. நம் கோயில் கணக்கைக் கேளுங்கள். மரியாதையோடு கேட்பது குருவானவருக்கு விரோதமாகாது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்கவேண்டும் என்கிறது. விசுவாசிகள் கொடுத்த பொருளுக்கு அவர்களிடம் கணக்குக் காட்டவேண்டும் என்றும் சொல்கிறது. 2009-ம் ஆண்டு கேரளத்தில் வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான சட்டச் சீர்திருத்தக் குழு, கிறிஸ்தவ சபைகளின் சொத்துக்கென ஒரு மசோதாவைத் தயாரித்தது. அது சட்டமாகவில்லை. சட்டம் வந்து கேட்கும் முன்பு நாமே கணக்கை ஒழுங்காய் வைத்திருப்பதல்லவா மானம்?

ஈ. கோயிலுக்கென்று யாரேனும் எழுதிவைத்த நிலமோ தோட்டமோ இருந்தால், அது எந்தக் காரியத்துக்காக எழுதப்பட்டதோ அக்காரியத்துக்கே பயன்படுகிறதா என்று பாருங்கள். ஏழைப் பிள்ளையின் படிப்புக்கென்று விட்டது திருவிழா வாணவேடிக்கையில் புகையாகிவிடலாகாது.

பிரியமானவர்களே, கோயில் சொல்லுக்கு ஊர் நடுங்கிய காலம் திரும்பி வராது. வரவேண்டும் என்று நாம் மன்றாடவும் வேண்டாம். ஆனால் பயம் காத்த சோலையை இனி மனச்சாட்சி காக்கவேண்டும். கட்டாயம் நிரப்பிய உண்டியலை இனி அன்பு நிரப்பவேண்டும். யாரும் பார்க்காத காட்டோரத்தில், வரப்பு வெட்டும் மண்வெட்டி கையில் இருக்கும்போது, நம் விசுவாசம் எவ்வளவு என்று தெரிந்துபோகும்.

வீட்டில் கேட்டுப் படிக்க

கேள்வி: கோயில் சொத்தின்மேல் அரசாங்கச் சட்டம் செல்லுமா?
பதில்: நிர்வாகத்திலும் கணக்கிலும் செல்லும். வழிபாட்டிலும் போதனையிலும் செல்லாது.

கேள்வி: திருச்சபை நில அதிகாரத்தை இழந்தால் விசுவாசத்தை இழக்குமா?
பதில்: இழக்காது. 1870-ம் ஆண்டுக்குப் பிந்திய சரித்திரமே சாட்சி.

கேள்வி: மதத்தின் பிடி தளர்ந்தால் சொத்து ஏழைகளுக்குத் தானாய்ச் சேருமா?
பதில்: சேராது. விழித்திருந்து காக்காவிட்டால் வலுத்தவனுக்கே சேரும்.

கேள்வி: மரத்தில் தெய்வம் இல்லை என்று விசுவசிக்கிறவன் கோயில் காட்டை வெட்டலாமா?
பதில்: வெட்டலாகாது. அது ஊருக்கும், அயலாருக்கும், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் உரியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை உண்டாக்கின சர்வேசுரனுக்கு உரியது.